பாவித்த ஏழு சீற் வாகனம்: திருகோணமலைக் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. இடைப்பட்ட காலம் முழுக்க நாட்டுக்குள் இருந்த வண்டிகளே கைமாறி ஓடின. இப்போது புது இறக்குமதி வந்தாலும் வரியோடு சேர்ந்த விலை பல குடும்பங்களுக்கு எட்டாது. அதனால் உவர்மலை, சாம்பல்தீவு, கிண்ணியா, மூதூர் என்று எங்கிருந்து கேட்டாலும் பேச்சு பாவித்த ஏழு சீற்றில்தான் வந்து நிற்கிறது. கேட்கிற சந்தேகங்களும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆளுக்காள் சொல்வதை விட ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். விற்பவர் உங்களுக்குக் காட்டுவது வெறும் வண்டி. நீங்கள் ஓட்டப்போவது ஆட்களும் பைகளும் நிறைந்த வண்டி. பார்க்கப் போகும்போதே குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

வீட்டில ஏழு பேர். வான் எடுக்கிறதா, ஜீப் மாதிரி உயரமானதா எடுக்கிறதா?

ஏழு பேரும் தினமும் ஏறுவதென்றால் வான்தான், யோசிக்கத் தேவையில்லை. நோவா, வொக்ஸி போன்றவற்றில் சறுக்குக் கதவு இருக்கிறது, மூன்றாம் வரிசையிலும் நிமிர்ந்து இருக்கலாம்.

தினமும் நாலைந்து பேர், நல்லூர்த் திருவிழாவுக்கோ கலியாண வீட்டுக்கோ போகும்போது மட்டும் ஏழு பேர் என்றால் உயரமான ஏழு சீற் பொருந்தும். நாங்கள் ‘ஜீப்’ என்று சொல்லும் இவற்றில் பல, காரின் அடித்தளத்தில் கட்டப்பட்டவை. ஓட்டுவது கார் மாதிரி இலகு. பாரம் தாங்குவதும் கார் அளவுக்குத்தான் என்பதை மறக்கக் கூடாது.

விளம்பரத்தில ‘செவன் சீற்றர்’ எண்டு போட்டிருக்கு. மாடல் பேரை வைச்சு நம்பலாமா?

நம்ப வேண்டாம். ஒரே பெயரில் ஐந்து சீற்றும் வரும், ஏழு சீற்றும் வரும். நிசான் எக்ஸ்-டிரெயில் டி32 ஜப்பானில் 2013 டிசம்பரில் வந்தது. அதன் பெற்றோல் வண்டிகளில் சிலவற்றுக்கு மூன்று வரிசை உண்டு, ஹைபிரிட்டுக்கு இரண்டு வரிசைதான். மிட்சுபிஷி அவுட்லேண்டரும் அப்படியே. பெற்றோலில் மூன்று வரிசை கிடைக்கும், ஆனால் பிளக் போட்டு சார்ஜ் செய்யும் வகையின் முதல் தலைமுறைக்கு ஐந்து சீற்தான். மூன்றாம் வரிசை இருக்க வேண்டிய இடத்தில் பின்பக்க மோட்டார் இருக்கிறது. 2021 கடைசியில் வந்த அடுத்த தலைமுறையில்தான் அதற்கு ஏழு சீற் வந்தது.

பிரியஸ் அல்ஃபாவில் செஸி இலக்கம் இசட்விடபிள்யூ40 என்று தொடங்குகிறதா, இசட்விடபிள்யூ41 என்று தொடங்குகிறதா என்று பாருங்கள். இசட்விடபிள்யூ40 லிதியம் பற்றரியோடு வரும் ஏழு சீற் வகை, 41 ஐந்து சீற் வகை. ஹொண்டா குரொஸ்ரோட் 2007 முதல் 2010 வரைதான் செய்யப்பட்டது, எல்லாமே மூன்று வரிசை. எந்த வண்டியானாலும் பதிவுப் புத்தகத்தில் உள்ள இருக்கை எண்ணிக்கையும் வண்டியில் உள்ள சீற்றும் ஒத்துப்போக வேண்டும்.

மூண்டாவது வரிசையில பெரிய ஆக்கள் இருக்கலாமா? அம்மாவைப் பின்னால இருத்தலாமா?

அம்மாவை நடு வரிசையில் இருத்துங்கள். முழங்கால் நோ உள்ளவர், மடித்த சீற்றுக்கும் கதவுக்கும் இடையில் நுழைந்து பின்னால் போய்க் குந்துவது பெரும் பாடு. குரொஸ்ரோட், எக்ஸ்-டிரெயில், பழைய அவுட்லேண்டர் மூன்றிலும் மூன்றாம் வரிசை பிள்ளைகளுக்கானது. அவுட்லேண்டரின் பின் சீற் தரையோடு மடியும் மெல்லிய பலகை. அதில் ஒரு வளர்ந்தவர் கந்தளாய் வரை போவதே கஷ்டம். மஸ்டா சிஎக்ஸ்-8 விதிவிலக்கு. 170 சென்ரிமீற்றர் உயரமானவரும் இருக்கும்படி மூன்றாம் வரிசையை வடிவமைத்ததாக மஸ்டாவே சொல்கிறது. ஆனால் அது 4.9 மீற்றர் நீளம். உங்கள் ஒழுங்கையில் திருப்ப முடியுமா என்று அளந்து பாருங்கள்.

சோதிக்கும் முறை இதுதான். முன் சீற்றை உங்கள் ஓட்டத்துக்கு ஏற்ப வையுங்கள். நடு வரிசையில் வளர்ந்த ஒருவர் தனக்கு வசதியாக இருக்கட்டும். அதற்குப் பிறகு மூன்றாம் வரிசையில் ஒருவரை ஏற்றிக் கதவைச் சாத்திப் பத்து நிமிடம் ஓடுங்கள். நடு வரிசையை முன்னுக்குத் தள்ளி வைத்துவிட்டு ‘பாருங்கோ, எவ்வளவு இடம்’ என்று விற்பவர் காட்டுவது கணக்கில் வராது.

பின் வரிசையின் பெல்ட்டுகளை ஒவ்வொன்றாக முழுதாக இழுத்து, பூட்டி, கழற்றிப் பாருங்கள். வருடக்கணக்கில் மடித்தே வைத்த சீற்றில் பூட்டு அடியில் புதைந்து கிடக்கும், தலைச்சாய்வு வீட்டில் எங்கோ கிடக்கும். தலைச்சாய்வு இல்லாத சீற்றில் பிள்ளையை ஏற்றாதீர்கள், பின்னால் ஒரு இடி வந்தால் கழுத்துக்கு அதுதான் துணை. மூன்றாம் வரிசையை நிமிர்த்திய பிறகு டிக்கியில் மிஞ்சும் இடத்தையும் பாருங்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று பைகளோடு சரி.

ஏசி பின்னுக்குப் போகுமா?

மூன்றாம் வரிசைக்குத் தனிக் காற்றுவழி இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். பலவற்றில் நடு வரிசை வரைதான் வரும், சிலவற்றில் அதுவும் இல்லை. கச்சான் காற்று வீசும் மாதங்களில் மதியம் பன்னிரண்டுக்கும் இரண்டுக்கும் இடையில், வெயிலில் நின்ற வண்டியில் ஏறிச் சோதியுங்கள். காலை எட்டு மணிக்கு எல்லா ஏசியும் நல்ல ஏசிதான்.

ஜப்பான் ஏலச் சீட்டு இருக்கு, கிரேட் 4.5 எண்டு சொல்றாங்கள். அது போதுமா?

அந்தச் சீட்டு சொல்வது, வண்டி ஜப்பானில் ஏலத்துக்கு வந்த அன்று எப்படி இருந்தது என்பதை. அதற்குப் பிறகு இங்கே எத்தனை வருடம் எப்படி ஓடியது என்பது அதில் இல்லை. இருந்தாலும் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். செஸி இலக்கம், நிறம், ஓடிய தூரம் மூன்றையும் வண்டியோடு ஒப்பிடுங்கள்.

மொத்தப் புள்ளியை விட வண்டிப் படத்தில் இருக்கும் குறிகளை வாசிப்பது பயன் தரும். ஏ என்றால் கீறல், யூ என்றால் நசிவு, டபிள்யூ என்றால் தட்டித் திருத்திய இடம், எக்ஸ்எக்ஸ் என்றால் மாற்றிய பாகம், எஸ் துரு, சி அரிப்பு. பக்கத்து எண் அதன் அளவு. புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் ஆர் அல்லது ஆர்ஏ என்று இருந்தால் விபத்தில் பட்டுத் திருத்திய வண்டி. அதைப் பற்றிப் பின்னால் தனியாகச் சொல்கிறேன்.

மீட்டர் திருப்பியிருக்கிறாங்களா எண்டு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து சட்டத்தின் ஓரத்தைப் பாருங்கள். ஜப்பானில் ஒயில் மாற்றியபோது ஒட்டிய சிறிய ஸ்டிக்கர் பல வண்டிகளில் இன்னும் இருக்கும். அதில் திகதியும் கிலோமீற்றரும் எழுதியிருக்கும். ஆண்டு ஜப்பானியக் கணக்கில் இருந்தால் பயப்பட வேண்டாம். ஹெய்செய் ஆண்டோடு 1988ஐக் கூட்டுங்கள், 27 என்றால் 2015. 2019 மே முதல் ரெய்வா, ரெய்வா 1 என்றால் 2019. அந்த ஸ்டிக்கரில் 80,000 என்று இருக்க, மீட்டர் இப்போது 60,000 காட்டினால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

ஸ்டிக்கர் இல்லையென்றால் ஏலச் சீட்டு, இங்குள்ள சேர்விஸ் பற்றுச்சீட்டுகள், தேய்ந்த பிரேக் மிதி, ஸ்டியரிங்கின் மினுக்கம், ஓட்டுநர் சீற்றின் வலது ஓரம். இவை எல்லாம் ஒரே கதையைச் சொல்ல வேண்டும். நிலாவெளிப் பக்கம் சுற்றுலாப் பயணிகளுக்கு ஓடிய ஏழு சீற்றில் மூன்றாம் வரிசைத் துணியும் தேய்ந்திருக்கும். குடும்ப வண்டியில் அது பெரும்பாலும் புதுசு மாதிரியே இருக்கும்.

2014/2017 எண்டு சொல்றது என்ன?

முதல் எண் உற்பத்தி ஆண்டு, இரண்டாவது இங்கே பதிந்த ஆண்டு. விலை பேச வேண்டியது முதல் எண்ணுக்கு. ஜப்பான் செஸி இலக்கத்தை வாசித்து ஆண்டை அறிய முடியாது, தயாரிப்பாளரின் பாகப் பட்டியலில் போட்டுப் பார்க்க வேண்டும். சீற் பெல்ட்டின் அடியில் தைத்திருக்கும் சீட்டையும் பாருங்கள், பலவற்றில் திகதி இருக்கும்.

கடற்கரையோரம் நிண்ட வண்டியெண்டால் துருப்பிடிச்சிருக்குமே?

இருக்கும் என்றே வைத்துப் பாருங்கள். உப்புக்காற்று எங்கள் ஊரில் எந்த வண்டியையும் விடுவதில்லை. ஆனால் எங்கே துரு என்பதுதான் கேள்வி. சைலன்சரின் மேல் துருவும் போல்ட் தலைகளில் செந்நிறமும் வயதுக்குச் சகஜம். பிரேக் ஒயில் போகும் இரும்புக் குழாய்கள், பின் சில்லுகளைத் தாங்கும் கைகள், முன்னால் இயந்திரத்தைத் தாங்கும் குறுக்குச் சட்டம் ஆகியவற்றில் செதில் செதிலாக உரிந்தால் அது வேறு விஷயம். ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் தட்டுங்கள். கணீரென்ற சத்தம் வராமல் மந்தமாக இருந்தால் உள்ளே உக்கியிருக்கிறது.

பின் கதவின் கீழ்விளிம்பையும், மூன்றாம் வரிசைக்குப் பக்கத்தில் சில்லு வளைவின் உட்புறத்தையும் விடாதீர்கள். பிளாஸ்டிக் மூடியை இழுத்துப் பார்க்கச் சம்மதிக்காத விற்பனையாளரிடம் ஏன் என்று கேளுங்கள். முன்னால் ஏசி கொண்டென்சரின் தகடுகள் விரலால் தொட உதிர்ந்தால் அதுவும் ஒரு செலவு.

அடிப்பகுதி முழுக்கப் புதுக் கறுப்புப் பூச்சு அடித்திருந்தால் எனக்குச் சந்தேகம் வரும். வாங்கிய பிறகு அடிப்பது பாதுகாப்பு, விற்கும் வாரத்தில் அடிப்பது மறைப்பு. இன்னொன்று: நாலு சில்லும் இழுக்கும் வண்டிகளில் பல, ஜப்பானின் பனி விழும் பகுதிகளில் ஓடியவை. அங்கே தெருவில் உப்புத் தூவுவார்கள். ஆகவே கொழும்பில் மட்டும் ஓடிய வண்டி என்றாலும் ஏலச் சீட்டில் எஸ், சி குறிகளைத் தேடுங்கள்.

போன வெள்ளத்தில நிண்ட வண்டியை விக்கிறாங்களாம். எப்படித் தெரியும்?

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு வந்த வெள்ளத்துக்குப் பிறகு இந்தக் கேள்விதான் அதிகம். கழுவி, சீற் துணி மாற்றி, வாசனை அடித்தால் வெளியில் ஒன்றும் தெரியாது. உள்ளே போக வேண்டும்.

பெல்ட்டுகளைக் கடைசி வரை இழுங்கள், சுருளின் அடியில் சேற்றுக் கோடு இருக்கும். சீற் தண்டவாளத்தின் போல்ட்டுகளைப் பாருங்கள். கம்பளத்தின் ஓரத்தைத் தூக்கி அடிப் பஞ்சைக் கையால் அழுத்துங்கள். ஏழு சீற்றில் மூன்றாம் வரிசை மடிந்து இறங்கும் குழிதான் சிறந்த சாட்சி, கழுவுகிறவர்கள் அதன் மூலைகளை மறந்துவிடுவார்கள். வண்டல் மண், இலைத்தூள், பச்சை படிந்த வயர் இணைப்பு எது இருந்தாலும் விடுங்கள். காற்றுப்பையை இயக்கும் பெட்டி பல வண்டிகளில் நடுவில், தரையோடு இருக்கிறது. கணுக்கால் அளவு தண்ணீர் உள்ளே வந்தாலே அது நனையும். ஹைபிரிட்டில் செம்மஞ்சள் வயர்களின் இணைப்பையும் தெரிந்த ஒருவரைக் கொண்டு பார்க்க வேண்டும்.

வெள்ளத்தில் நின்ற வண்டியை எந்த விலைக்கும் வாங்காதீர்கள். இதில் நான் இறங்கிப் பேச மாட்டேன். இன்று ஓடும், பிழை ஒன்றரை வருடத்தில் ஹபரணைக் காட்டுக்குள் இரவில் வரும். யானை நடமாடும் அந்தத் தெருவில் பிள்ளைகளோடு நிற்க யாரும் விரும்ப மாட்டார்கள்.

சிவிடி கியர் பிழைக்கும் எண்டு எல்லாரும் பயமுறுத்துறாங்கள். உண்மையா?

சிவிடி என்பது படிப்படியாக மாறாமல் பட்டியில் ஓடும் ஓட்டோ கியர். ஒயில் மாற்றாமல் ஓடியதும் பாரத்தோடு சூடாகி ஓடியதும் பழுதாகும். பெற்றோல் எக்ஸ்-டிரெயில் டி32, அவுட்லேண்டர் இரண்டிலும் பெரும்பாலும் சிவிடிதான். குரொஸ்ரோட் சாதாரண ஐந்து கியர் ஓட்டோ, பழசானாலும் அதைச் சிலர் தேடி வாங்குவது இதனால்தான்.

காலையில் முதல் ஸ்டார்ட் உங்கள் முன்னால் நடக்க வேண்டும். நீங்கள் வரமுன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள். மெதுவாகக் கிளம்பி, மணிக்கு இருபதுக்கும் நாற்பதுக்கும் இடையில் உதறல் இருக்கிறதா என்று கவனியுங்கள். பிறகு ஆட்களை ஏற்றிக்கொண்டு கந்தளாய் வரை போய்த் திரும்புங்கள். சூடேறிய பிறகு உவர்மலை ஏற்றத்தில் நிறுத்தி, முன்னுக்கும் ரிவர்ஸிலும் மெல்ல எடுங்கள். உறுமல் மட்டும் வந்து வண்டி பின்தங்கி நகர்ந்தால், அல்லது ஊளைச் சத்தம் வேகத்தோடு ஏறினால் விடுங்கள். சிவிடி ஒயில் எப்போது, எந்த வகை போட்டது என்பதற்குப் பற்றுச்சீட்டு கேளுங்கள். டி32க்கு நிசான் சொல்வது என்எஸ்-3. ‘ஏதோ நல்ல ஒயில் போட்டது’ என்ற பதில் எனக்குப் போதாது.

ஹைபிரிட் எடுக்கப் பயமா இருக்கு. பற்றரி போனால்?

பயத்தை விட ஸ்கேன் நல்லது. தெரிந்த இடத்தில் பற்றரியின் ஒவ்வொரு பகுதியின் வோல்ற்றையும் ஓடும்போது பார்க்கச் சொல்லுங்கள். ஒன்று மட்டும் பின்தங்கினால் மற்றவையும் தொடரும். ஏழு சீற் பிரியஸ் அல்ஃபாவில் பற்றரி முன் சீற்றுகளுக்கு நடுவே இருக்கிறது. குளிர்விக்கும் காற்று உள்ளே இருந்து போவதால் தூசும் பிஸ்கற் தூளும் அடைக்கும். அந்த வழியைச் சுத்தம் செய்த வண்டியா என்று கேளுங்கள். அது தாழ்வான வண்டி என்பதையும் கணக்கில் எடுங்கள். ஏழு பேர் ஏறினால் மண் ஒழுங்கைகளில் அடி தட்டும்.

டீசல்? நாலு சில்லும் இழுக்கிறது?

கொழும்புக்கு மாதம் இரண்டு தரம் போகிறவருக்கு டீசல் சரி. பாடசாலை, சந்தை, கோயில் என்று டவுனுக்குள் மட்டும் ஓடுகிறவருக்கு வேண்டாம். சிஎக்ஸ்-8 போன்ற புதிய டீசல்களின் புகை வடிகட்டி தன்னைத்தானே சுத்தம் செய்ய நீண்ட ஓட்டம் வேண்டும், கந்தகம் குறைந்த சுப்பர் டீசலும் வேண்டும். நாலு சில்லு இழுவை இங்கே பெரும்பாலான குடும்பங்களுக்குத் தேவையில்லை. எக்ஸ்-டிரெயிலில் செஸி இலக்கம் என் எழுத்தோடு என்டி32 என்று இருந்தால் நாலு சில்லு, வெறும் டி32 என்றால் இரண்டு.

காற்றுப்பை பற்றி ஏதோ திருப்பியழைப்பு இருக்காமே?

இருக்கிறது, இதை அலட்சியம் செய்யாதீர்கள். டகாட்டா நிறுவனம் செய்த காற்றுப்பை வெடிகலன்களின் இரசாயனம் நீண்டகால வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் பழுதாகும். விபத்தில் விரியும்போது உலோகத் துண்டுகள் சிதறி உலகில் பலர் இறந்திருக்கிறார்கள். வெப்பமும் ஈரமும் எங்கள் ஊரில் வருடம் முழுக்க இருக்கிறது. ஜப்பானியத் தயாரிப்பாளர்களின் இணையத்தளங்களில் செஸி இலக்கத்தைப் போட்டால் அந்த வண்டிக்குத் திருப்பியழைப்பு பாக்கியா என்று தெரியும். 2000ங்களிலும் 2010களிலும் வந்த வண்டிகளுக்கு இதைப் பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம்.

சாவியைத் திருப்பும்போது காற்றுப்பை விளக்கு எரிந்து சில செக்கனில் அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் பல்பைக் கழற்றியிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளை சீற் எந்த வரிசையில?

நடு வரிசையில். பிள்ளை சீற்றை மாட்டிப் பூட்டும் கொளுக்கி பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். ஆனால் அதைப் பூட்டினால் அந்தப் பக்கத்துச் சீற்றை மடித்து மூன்றாம் வரிசைக்கு ஏற முடியாது. அதனால் மற்றப் பக்கமாக ஏற முடிகிறதா என்று உங்கள் சீற்றையே கொண்டுபோய்ப் பூட்டிப் பாருங்கள்.

ஓப்பன் பேப்பரில தாறன் எண்டுறார். வாங்கலாமா?

வேண்டாம். பதிவு இன்னொருவர் பெயரில் இருக்க, வாங்குபவரின் இடத்தை வெறுமையாக விட்டுக் கையெழுத்திட்ட படிவங்களோடு வண்டி கைமாறுவதுதான் ஓப்பன் பேப்பர். நடுவில் மூன்று பேர் மாறியிருப்பார்கள், கையெழுத்திட்டவர் வெளிநாடு போயிருப்பார், அல்லது காலமாகியிருப்பார். பதிவு உரிமையாளரையே நேரில் சந்தித்து, அடையாள அட்டையைப் பார்த்து, உரிமை மாற்றத்துக்கான எம்டிஏ 6, எம்டிஏ 8 படிவங்களை உங்கள் பெயரோடு நிரப்பிக் கையெழுத்து வாங்குங்கள்.

புத்தகத்தில் முழு உரிமையாளர் என்ற இடத்தில் வங்கியோ லீசிங் கம்பனியோ இருந்தால், கடன் முடிந்து அந்தப் பெயர் நீக்கப்பட்ட பிறகுதான் மிச்சப் பணம். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கட்டணம் கட்டிப் பதிவு விவரத்தை எடுத்துப் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். வருமான அனுமதிப்பத்திரம், புகைப் பரிசோதனை, காப்புறுதி ஆகியவற்றில் இடைவெளி இருந்தால் வண்டி ஏன் நின்றது என்று கேளுங்கள். சில நேரம் பதில் வெள்ளமாக இருக்கும்.

ஆர் கிரேட் வண்டி, நல்ல விலைக்கு வருது. விடுறதா?

எங்கே அடி என்பதைப் பொறுத்தது. முன்பக்கச் சிறு அடியில் ரேடியேட்டரின் மேல் தாங்கியை மாற்றியதற்கும் ஆர்ஏ விழும், அதை ஒழுங்காகச் செய்திருந்தால் நான் பயப்பட மாட்டேன். பின்பக்க அடி பட்ட ஏழு சீற்றை எடுக்க மாட்டேன். மூன்றாம் வரிசையில் இருக்கும் பிள்ளைக்கும் பின் கதவுக்கும் இடையே ஒரு முழம்தான். அந்த இடத்து இரும்பு ஒருதரம் மடிந்து நிமிர்த்தப்பட்டதென்றால் அடுத்த அடியை அது எப்படித் தாங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. டிக்கிக் கம்பளத்தைத் தூக்கித் தகடுகள் சேரும் இடங்களைப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்லையென்றால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம்.

திருகோணமலையில பார்க்கிறதா, கொழும்புக்குக் கொண்டு போறதா? சாமான் கிடைக்குமா?

அடிப்பகுதி, இயந்திரம், துரு ஆகியவற்றை இங்குள்ள நல்ல கராஜ் பாஸ் ஒருவர் பார்த்தால் போதும், உப்புத் துருவை அவருக்குத் தெரிந்த அளவு மற்றவருக்குத் தெரியாது. சிவிடி, ஹைபிரிட் ஸ்கேன் மட்டும் அந்த மாடலைத் தொடர்ந்து செய்யும் இடத்தில் நடக்கட்டும், அது கொழும்பாக இருந்தாலும் சரி. விற்பவர் காட்டும் கராஜுக்குப் போகாதீர்கள்.

வாங்குமுன் மூன்று சாமானுக்கு விலை கேளுங்கள்: முன் விளக்கு, பின் கதவுக் கண்ணாடி, முன் பக்க ஷொக். மூன்றும் ஒரு வாரத்தில் திருகோணமலைக்கு வந்து சேருமென்றால் அந்த மாடலோடு வாழலாம். ‘ஓடர் பண்ணித்தான் எடுக்க வேணும்’ என்று மூன்று கடையும் சொன்னால், வண்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் அடுத்த மாடலைப் பாருங்கள். டயரையும் சேர்த்துப் பாருங்கள். பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும், 2319 என்றால் 2019இன் 23ஆம் வாரம். அவ்வளவு பழைய டயரோடு ஏழு பேரை ஏற்றி ஏ6 வீதியில் ஓட வேண்டாம். நாலு டயரின் விலையைப் பேசிய விலையிலிருந்து கழிக்கச் சொல்லுங்கள்.